வேலையையும் விடலை, ஏட்டையும் விடலை: உ.வே.சா. நேரத்தைப் பிரித்த விதம்

முழுநேர வேலையில் இருந்துகொண்டே பெரிய காரியம் ஒன்றை முடிக்க முடியுமா? முடித்துக் காட்டியவர் உ.வே.சாமிநாதையர்.

1855-இல் பிறந்தவர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று விசாரித்தார். படித்ததில்லை. தேடிப் பிடித்த ஏடுகளிலோ பிழைக்கு மேல் பிழை. பல வீடுகளில் ஏடுகள் கரையானுக்குப் போய்க்கொண்டிருந்தன. தள்ளிப்போட்டால் நூலே மிஞ்சாது. வேலையை விட்டால் குடும்பம் ஓடாது.

அதனால் நேரத்தைப் பிரித்துக்கொண்டார். கல்லூரி நேரத்தில் பாடம், மிச்ச நேரத்தில் ஏடு, விடுமுறை விட்டால் ஊர் ஊராகத் தேடல். ஏட்டோடு உட்கார்ந்தால் கவனம் வேறெங்கும் போகாது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் வேறு பிரதிகளோடு ஒப்பிட, வேறுபாடுகள் அப்போதைக்கப்போதே குறிப்பேறும். மனசுல இருக்கட்டும்னு எதையும் விடுவதில்லை. புரியாத சமணக் கருத்துகளை உள்ளூர்ச் சமணர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்தது. 7 வருஷ உழைப்பு! தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898). எல்லாமே வேலையில் இருக்கும்போதே வந்தவை.

1919-இல் ஓய்வு. ஆனாலும் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர். 1937-இல், 82 வயதில், குறுந்தொகைப் பதிப்பு. 1942-இல் மறைந்தார்.

அவருக்கும் ஒரு நாளில் மிஞ்சியது சில மணி நேரம்தான். அதை அவர் சிதறவிடவில்லை.