தலையிடாக் கொள்கையைக் கேள்விக்குள்ளாக்கிய நீதிபதி மகாதேவ் கோவிந்த் ரானடே

சந்தையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும், அரசு அதில் தலையிடலாகாது என்பது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் வேதவாக்காகக் கருதிய கொள்கை. அதே அரசிடம் ஊதியம் பெற்ற நீதிபதி ஒருவர், 1892ஆம் ஆண்டு புனேயின் டெக்கான் கல்லூரியில் ஆற்றிய உரையில் அக்கொள்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். அவர்தான் மகாதேவ் கோவிந்த் ரானடே.

நாசிக் மாவட்டம் நிபாடில் 1842ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி பிறந்த ரானடே, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். 1871இல் புனேயில் நீதித்துறைப் பணியில் அமர்ந்தார். சார்வஜனிக் சபையில் அவர் காட்டிய ஈடுபாடு அரசின் சந்தேகத்தைக் கிளறியது. நாசிக்குக்கும் பின்னர் துலேவுக்கும் மாற்றப்பட்டார்.

அவரது சிந்தனையை வடித்தது நூலகம் மட்டுமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது, நிலவரியோ உயர்ந்தது. கடனில் மூழ்கிய புனே, அகமதுநகர் விவசாயிகள் 1875இல் வட்டிக்கடைக்காரர்களின் கடன் பத்திரங்களைத் தீயிட்டனர். இதையடுத்து 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் ரானடே பல ஆண்டுகள் பணியாற்றினார்.

மனிதன் தன் லாபத்தையே நாடுவான், உழைப்பும் மூலதனமும் தடையின்றி இடம்பெயரும் என்று ஆங்கிலப் பொருளியல் வைத்துக்கொண்ட அனுமானங்கள் இந்தியாவுக்குப் பொருந்தா என்பது அவர் வாதம். இங்கே சாதியும் வழக்கமும் கூட்டுக் குடும்பமும் மனிதனின் தொழிலையும் வாழ்வையும் முன்கூட்டியே வரையறுத்திருந்தன. கைத்தொழில்கள் நசிந்து, நாடு மழையை மட்டும் நம்பிய வேளாண்மைக்குள் ஒடுங்கியதே வறுமையின் வேர் என்றார். ஆகவே கடன் வசதி, தொழில் ஊக்கம் ஆகியவற்றில் அரசே முன்னின்று வழிகாட்ட வேண்டும் என வலியுறுத்தினார்.

அரசு உண்மையில் ஒதுங்கியும் நிற்கவில்லை. ரயில்வே நிறுவனங்களின் முதலீட்டுக்கு 5 சதவீத வருவாயை இந்திய வரிப்பணத்திலிருந்து அது உறுதி செய்திருந்தது. 1882இல் தடையற்ற வணிகத்தின் பெயரால் இறக்குமதி வரிகளை நீக்கிய அதே அரசு, 1896இல் இந்திய ஆலைத் துணி மீது 3.5 சதவீத உற்பத்தி வரி விதித்தது. தலையிடாமை யாருக்குச் சாதகமோ அங்கு மட்டுமே கடைப்பிடிக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

எனினும், இந்தியச் செல்வம் பிரிட்டனுக்கு வடிவதையே முதன்மைக் குறையாக முன்வைத்த தாதாபாய் நவுரோஜியின் வழியை ரானடே முழுமையாக ஏற்கவில்லை. உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்குவதே முதற்பணி என்றார். அதற்கு ஜாவாவில் டச்சுக்காரர்கள் நடத்திய சாகுபடி முறையை 1890இல் அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது மட்டும் இன்றும் கேள்விக்குரியதே. அது விவசாயிகளை வற்புறுத்திப் பயிரிடவைத்த முறை.

1893இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியான ரானடே, 1901 ஜனவரி 16 அன்று மறைந்தார். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904இல் வந்தது. இந்தியத் துணி மீதான உற்பத்தி வரி நீங்குவதற்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.