ஓட்டம் வராது, குதிக்கவும் வராது... ஆனாலும் 99-ம் நம்பர் ஜெர்ஸிக்காரருக்காக ரூலையே மாத்தினாங்க!

திருப்பூர் காதர்பேட்டையில ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மா ஒரு ரவுண்டு போனீங்கன்னா, உலகத்துல இருக்கிற பாதி டீம் பேரை டி-ஷர்ட்டுலயே படிச்சுடலாம். அதுல மஞ்சளும் ஊதாவுமா லேக்கர்ஸ் டி-ஷர்ட் கண்டிப்பா தொங்கும். வாங்கிப் போடுறவங்ககிட்ட கேட்டா கோபி பிரையன்ட் பேரைச் சொல்வாங்க, லெப்ரான் பேரைச் சொல்வாங்க. அந்த டீமை முதன்முதலா டீம் ஆக்கின ஆளோட பேர் எந்த டி-ஷர்ட்டுலயும் இருக்காது. ஜார்ஜ் மைக்கன். ஜெர்ஸி நம்பர் 99.

இவரைப் பத்தி நான் தேட ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க தெருப் பையன் ஒருத்தன். பத்தாவது படிக்கிறான். உயரம் ஆறடி ரெண்டு அங்குலம். அவங்க அம்மா பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்க்கிறாங்க. அங்கிருந்து கொண்டுவர்ற டபுள் எக்ஸ்எல் டி-ஷர்ட்டே அவனுக்குப் பிடிக்குது. பேஸ்கட்பால்னா உயிர். கைக்குப் பந்து வந்துட்டா அவ்ளோ சுத்தமா ஆடுவான். யாருக்கு எப்போ பாஸ் கொடுக்கணும்கிறது அவனுக்கு தானா வருது. ஆனா, கோர்ட்டை நாலு தடவை ஏறி இறங்கினா இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னுடுவான். குதிச்சா தரைக்கும் ஷூவுக்கும் நடுவுல ஒரு நோட்டுப் புத்தகம்தான் வைக்கலாம். குண்டு எறிதலுக்குப் போயிடுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்களாம். இந்த உடம்பை வெச்சு பெரிய லெவல்ல ஆட முடியுமாக்கான்னு என்கிட்ட வந்து கேட்டான்.

முடியும்னு சும்மா சொல்லிட்டுப் போக மனசு வரலை. அதான் மைக்கன் கதை. இது அவனுக்குச் சாதகமான கதைதான். ஆனா முழுக்கச் சாதகமானதும் இல்லை.

படுக்கையில ஒன்றரை வருஷம்

1924 ஜூன் 18. அமெரிக்காவுல சிகாகோவுக்குப் பக்கத்துல ஜோலியட்ங்கிற ஊர்ல மைக்கன் பிறந்தார். அப்பா வழி குரோவேஷியா, அம்மா வழி லித்துவேனியா. குடும்பத்துக்குச் சொந்தமா ஒரு மதுக்கடை இருந்தது. சின்ன வயசுல முழங்கால் மோசமா உடைஞ்சு, கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் படுக்கையில கிடந்தார். எழுந்து நடந்தப்போ ஆள் மட்டும் வளர்ந்துகிட்டே போனார். கண் பார்வையும் மோசம், தடிமனான கண்ணாடி. ஸ்கூல் டீம்ல இடம் கிடைக்கலை. பாதிரியார் ஆகணும்னு சிகாகோவுல குருமடப் பள்ளியில சேர்ந்து படிச்சார், பியானோவும் கத்துக்கிட்டார். ஸ்போர்ட்ஸ் ஸ்டார் ஆகப்போற பையனோட பயோடேட்டா மாதிரியா இருக்கு இது?

நோட்ர டாம் யுனிவர்சிட்டியில போய் முயற்சி பண்ணிப் பார்த்தார். அங்கிருந்த கோச் திருப்பி அனுப்பிட்டார். அந்தக் காலத்துல பேஸ்கட்பால் கோச்சுகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ரொம்ப உயரமான பையன்னா தடுமாறுவான், பந்து கையில நிக்காது, அது வேகமான குட்டை ஆளுங்களோட ஆட்டம். 6 அடி 10 அங்குலத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து நின்னா அவங்க வேற எப்படிப் பார்ப்பாங்க?

1942-ல சிகாகோ டிபால் யுனிவர்சிட்டியில ரே மேயர்னு ஒரு புது கோச் சேர்ந்தார். வயசு 28தான். மைக்கனோட கதையில பாதி இந்த மனுஷனோடது. உயரமா இருக்கான், பந்தைத் தூக்கிப் போட்டா பிடிச்சுப்பான்னு அவர் விடலை. அந்த உடம்பை முதல்ல இருந்து செஞ்சார். கயிறு தாண்டச் சொன்னார். பாக்ஸிங் பழகச் சொன்னார். குள்ளமான ஒரு பொண்ணை ஜோடியா விட்டு டான்ஸ் ஆடச் சொன்னார். கால் எங்கே வைக்கிறோம்னு தெரியாத ஆளுக்கு அதைத் தெரிய வைக்க, டான்ஸைவிட நல்ல வழி இல்லைன்னு அவருக்குத் தோணியிருக்கு. யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல எந்தப் பயிற்சியாளராவது இப்படி ஒரு பையனுக்காக மெனக்கெடுவாரா?

அதுக்கப்புறம் ஷூட்டிங். வளையத்துக்கு நேர் கீழே நிக்கணும். வலது பக்கம் ஒரு அடி வெச்சு வலது கையால பந்தைப் பலகையில பட்டு விழுற மாதிரி போடணும். விழுற பந்தைத் தரையில படவிடாம பிடிச்சு, அப்படியே இடது பக்கம் நகர்ந்து இடது கையால போடணும். திரும்ப வலது. திரும்ப இடது. நிறுத்தவே கூடாது. கூடவே ஹூக் ஷாட்: உடம்பைப் பக்கவாட்டுல திருப்பி, தூரத்துக் கையைத் தலைக்கு மேல வளைச்சுப் போடுறது. எதிராளிக்கும் பந்துக்கும் நடுவுல உங்க முழு உடம்பும் இருக்கும். குதிக்காமலே போடலாம். ரெண்டு கையாலயும் தினமும் நூத்துக்கணக்குல போட வெச்சார் மேயர். வளையத்துக்குக் கீழே பண்ற அந்தப் பயிற்சிக்கு இன்னிக்கும் மைக்கன் டிரில்னுதான் பேர். பேஸ்கட்பால் கத்துக்கிற குழந்தைங்க உலகம் முழுக்க அதைச் செய்யறாங்க.

ஓட்டமும் குதியும் வராத ஆளுக்கு மேயர் கொடுத்தது இதுதான். வேகத்தை அவரால கொடுக்க முடியாது. கால் வேலை, ரெண்டு கை, பந்து எங்கே விழும்கிற கணக்கு இதையெல்லாம் கொடுக்க முடியும். கொடுத்தார்.

இவருக்காக ரூலை மாத்தினாங்க

டிபால் டீம்ல மைக்கன் வளையத்துக்கு முன்னால நின்னு, உள்ளே விழப்போற பந்தை அப்படியே தட்டிவிட ஆரம்பிச்சார். 1944-ல காலேஜ் ஆட்டங்கள்ல அதைத் தடை பண்ணிட்டாங்க. கீழே இறங்குற பந்தைத் தொடக்கூடாதுன்னு இன்னிக்கு நம்ம ஊர் ஸ்கூல் மேட்ச்ல ரெஃப்ரி விசில் ஊதுறாரே, அந்த ரூலுக்குக் காரணமானவங்கள்ல இவரும் ஒருத்தர். 1945-ல ரோட் ஐலண்டுக்கு எதிரான மேட்ச்ல டிபால் 97, எதிரணி 53. மைக்கன் ஒருத்தர் மட்டும் அடிச்சது எவ்ளோ தெரியுமா? அதே 53.

1946-ல சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் டீம் அவரை எடுத்தது. அஞ்சு வருஷத்துக்கு 60,000 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. அடுத்த வருஷமே சாம்பியன். அதுக்கப்புறம் அந்த டீம் ஓனர் தனியா ஒரு லீக் ஆரம்பிச்சுக் கையைச் சுட்டுக்கிட்டார். மைக்கன் மினியாபொலிஸ் லேக்கர்ஸுக்கு வந்து சேர்ந்தார். மினசோட்டா மாநிலம் முழுக்க ஏரிங்க, அதான் லேக்கர்ஸ். 1960-ல டீம் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனப்போ ஏரி அங்கேயே நின்னுடுச்சு, பேர் மட்டும் கூட வந்துடுச்சு.

அந்த லேக்கர்ஸ்ல ஜிம் போலார்டுன்னு ஒருத்தர் இருந்தார். பட்டப்பேரே கங்காரு. அப்படிக் குதிப்பார். அவர் வேகத்துக்கு டீமை ஓடவிட்டிருக்கலாம். ஆனா, மைக்கன் மெதுவா நடந்து வந்து வளையத்துக்குப் பக்கத்துல இடம் பிடிச்சதுக்கு அப்புறம்தான் ஆட்டமே தொடங்கும். டீம்ல இருந்த மத்தவங்களுக்கு அது எப்பவும் இனிச்சிருக்காதுங்கிறது என் கணிப்பு. ஆனா ஜெயிச்சாங்க. 1948-ல இருந்து 1954 வரைக்கும் ஏழு சீசன்ல ஆறு தடவை லேக்கர்ஸ் சாம்பியன். தோத்தது 1951-ல மட்டும். அந்த பிளே-ஆஃப்ல மைக்கன் கால் எலும்பு முறிஞ்ச நிலையிலதான் ஆடினார்.

1949 டிசம்பர்ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வாசல் போர்டுல, நிக்ஸ் டீமோட மோதுறது ஜார்ஜ் மைக்கன்னு எழுதி வெச்சாங்க. லேக்கர்ஸ்னு எழுதலை. டிரெஸ் மாத்தாம லாக்கர் ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, நீயே தனியாப் போய் ஆடிக்கோன்னு கூட ஆடுறவங்க அவரைக் கலாய்ச்சாங்களாம்.

அவரைத் தடுக்க மத்த டீமுங்க என்னென்னமோ பண்ணினாங்க. 1950 நவம்பர்ல ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் டீம் பந்தை விடவே இல்லை. கையிலயே வெச்சுக்கிட்டு நேரத்தை ஓட்டினாங்க. ஸ்கோர் 19-18. என்.பி.ஏ வரலாற்றுலயே மிகக் குறைஞ்ச ஸ்கோர் அதுதான். லேக்கர்ஸ் அடிச்ச 18-ல 15 மைக்கனோடது. 1951-ல லீக் இன்னும் ஒரு படி மேல போய், வளையத்துக்கு முன்னால தாக்குற ஆள் மூணு செகண்டுக்கு மேல நிக்கக் கூடாதுங்கிற பகுதியோட அகலத்தை 6 அடியில இருந்து 12 அடியா மாத்தினாங்க. ஒரே ஆளைத் தள்ளி நிறுத்துறதுக்காக! அவரோட சராசரி ஒரு மேட்சுக்கு 28.4-ல இருந்து 23.8-க்கு இறங்கினது. அடுத்த மூணு சீசனும் சாம்பியன் அதே லேக்கர்ஸ்தான். 1954-ல ஒரு மேட்ச்ல வளையத்தையே 10 அடியில இருந்து 12 அடிக்கு உயர்த்திக்கூடப் பார்த்தாங்க.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 1950 வரைக்கும் என்.பி.ஏ-வுல கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. 1948-ல ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ்ங்கிற கறுப்பின வீரர்களோட டீம், மைக்கன் ஆடின லேக்கர்ஸை 61-59-னு ஜெயிச்சுக் காட்டினது. எல்லாருக்கும் கதவு திறந்திருந்தா மைக்கன் இதே அளவுக்கு ஆண்டிருப்பாரா? அந்தச் சந்தேகம் எனக்கு இருக்கு.

24 செகண்ட் வந்தது

1954-ல, 30 வயசுல மைக்கன் ரிட்டையர் ஆனார். உடம்புல பத்து எலும்பு முறிவு, 160-க்கும் மேல தையல். உயரமானவன் தாங்குவான்னு நினைச்சு ஆளாளுக்கு முழங்கையால இடிச்சதோட கணக்கு அது. அதே வருஷம்தான் 24 செகண்டுக்குள்ள ஷாட் அடிக்கணும்னு என்.பி.ஏ ரூல் கொண்டுவந்தது. ஆட்டம் சட்டுனு வேகமாச்சு. 1956 ஜனவரியில மைக்கன் திரும்பி வந்தார். 37 மேட்ச், சராசரி 10.5. அவ்ளோதான். அந்த வருஷக் கடைசியில பில் ரஸ்ஸல் என்.பி.ஏ-வுக்குள்ள வந்தார். உயரமானவங்களும் ஓடலாம், பறக்கலாம்னு ஆச்சு. மைக்கன் மாதிரி மெதுவான ஆளுக்கு எதுக்கு இடம்னு பல பத்து வருஷம் எல்லாரும் நினைச்சாங்க.

இன்னிக்கு நிகோலா யோகிச்சைப் பாருங்க. செர்பியாக்காரர், கிட்டத்தட்ட ஏழடி, குண்டுப் பையனா வளர்ந்தவர், பெரிசாக் குதிக்கவே மாட்டார். 2014-ல 41-வது ஆளா அவரை எடுத்தப்போ டி.வி-யில டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கிட்டிருந்தது. 2021, 2022, 2024-ல லீக்கோட மதிப்புமிக்க வீரர் அவர்தான். 2023-ல டென்வர் டீமுக்கு முதல் கோப்பை. 24 செகண்டுக்குள்ள எங்கே நிக்கணும், யாருக்குப் போடணும்னு மத்தவங்களுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியுது. நம்ம பக்கத்துக் கதையும் ஒண்ணு இருக்கு. பஞ்சாப்ல இருந்து 7 அடி 2 அங்குல சத்னாம் சிங்கை 2015-ல டல்லாஸ் எடுத்தது. என்.பி.ஏ-வுல ஒரு மேட்ச்கூட ஆடாம, கடைசியில அவர் ரெஸ்லிங்குக்குப் போயிட்டார். உயரம் கதவைத் தட்டிக் கொடுக்கும், அவ்ளோதான்.

ஆட்டத்துக்கு அப்புறம் மைக்கன் வக்கீலா வேலை பார்த்தார். 1956-ல நாடாளுமன்றத் தேர்தல்ல நின்னு கொஞ்சத்துல தோத்தார். லேக்கர்ஸுக்கு கோச்சா இருந்து 39 மேட்ச்ல 9 மட்டும் ஜெயிச்சார். 1967-ல ஏ.பி.ஏ-ங்கிற போட்டி லீக்குக்கு முதல் கமிஷனர் ஆனார். அந்த சிவப்பு-வெள்ளை-நீலப் பந்து அவர் யோசனைதான்.

கடைசிக் காலம் கொடுமை. சர்க்கரை நோய்ல வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாங்க. வைத்தியச் செலவுல குடும்பம் திணறினது. 1965-க்கு முன்னாடி ஆடினவங்களுக்கு லீக் கொடுத்த பென்ஷன் சொற்பம். அதை உயர்த்தச் சொல்லி, அந்த நிலைமையிலயும் பழைய வீரர்களுக்காகப் போராடினார். 2005 ஜூன் 1-ம் தேதி, 80 வயசுல இறந்தார். இறுதிச் சடங்குச் செலவை ஏத்துக்கிட்டது ஷகீல் ஓ'நீல், லேக்கர்ஸ்ல ஆடின இன்னொரு பெரிய உடம்புக்காரர். 99-ம் நம்பரை லேக்கர்ஸ் நிரந்தரமா ஓய்வு கொடுத்து மாட்டினது 2022-ல. அவர் போய் 17 வருஷத்துக்கு அப்புறம்.

இதையெல்லாம் எங்க தெருப் பையன்கிட்ட சொன்னேன். என்.பி.ஏ எல்லாம் அவன் கேட்கலை. கோயம்புத்தூர்ல பி.எஸ்.ஜி டிராஃபி நடக்கும்போது கேலரியில உட்கார்ந்து பார்க்கிறவன் அவன். அங்கே ஆட வர்ற டீமுங்கள்ல ரயில்வே, பேங்க்னு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வாங்கினவங்க இருக்காங்க. வீட்டுல ஒரு நிரந்தரச் சம்பளம். அவன் கேள்விக்குள்ள இருந்தது அதுதான். மேயர் மாதிரி ஒருத்தர் கிடைச்சா வாய்ப்பு இருக்கு, முழங்காலைப் பத்திரமாப் பார்த்துக்கோன்னு சொன்னேன். மைக்கன் டிரில் வீடியோ ஒண்ணையும் அனுப்பினேன்.

இப்போ தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு கிரவுண்டுக்குப் போறான். வலது கையில விடாம முப்பது போடுறானாம். இடது கையில இன்னும் ஏழைத் தாண்டலை.