இணையத்துக்கு விலாசம் கொடுத்த ஜொன் போஸ்டல்

நான் பிறந்த லயத்துக்கு விலாசம் இல்லை. புசல்லாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் எங்களுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், அப்பாவின் பெயர், அவ்வளவுதான். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் மூன்று வீடு சுற்றும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் என் கைக்கு வந்தபோது பதிவுக்கு இரண்டு நாட்கள்தான் மிச்சம். 1983க்குப் பிறகு வன்னிக்குப் போன சித்தப்பாவின் விலாசத்தை அம்மா தன் கொப்பியில் ஐந்து தடவை வெட்டி வெட்டி எழுதியிருக்கிறார். கடைசியாக எழுதியது மெனிக்பாமில் ஒரு கூடாரத்தின் இலக்கம்.

இதையெல்லாம் அண்மையில் எனக்கு ஞாபகப்படுத்தியது ஒரு சேர்வர்.

புசல்லாவை நகரில் கணினி வகுப்பு நடத்தும் நண்பன், பாவித்த சேர்வர்கள் இரண்டை வாங்கியிருந்தான். யாரும் கை வைக்காமல், வலைப்பின்னல் வழியாகவே மென்பொருள் தானாக நிறுவப்பட வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் சேர்வர் விலாசம் கேட்டது, கிடைத்தது. தேவையான கோப்புகளும் இறங்கின. அடுத்த கட்டத்தில் நிறுவும் மென்பொருள் மறுபடி விலாசம் கேட்டது. கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. வயரை மாற்றினோம், மீண்டும் அதே கதை.

விலாசம் கொடுக்கும் இயந்திரத்தின் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. முதல் கோரிக்கையும் அதற்கான பதிலும் அதில் இருந்தன. இரண்டாவது கோரிக்கை வந்து சேரவே இல்லை. யாரும் மறுக்கவில்லை, கேட்டது காதில் விழவில்லை. நிறுவும் மென்பொருள் வலைப்பின்னல் அட்டையை மறுபடி இயக்கும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து திரும்பும். இணைப்பு திரும்பியதும் சுவிட்ச், பாதையில் எங்காவது சுற்று இருக்கிறதா என்று பார்த்து, சுமார் 30 வினாடி கதவைச் சாத்தி வைத்திருக்கும். முதல் கட்டம் ஒரு நிமிடம் வரை விடாமல் கேட்டதால் தப்பியது. இரண்டாவது கட்டம் கதவு திறக்கும் முன்பே கைவிட்டது. அந்தத் துளையை உடனே திறக்கும்படி சுவிட்சில் மாற்றினோம், வேலை முடிந்தது.

பதிவேட்டில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வந்தன: 67, 68. விலாசம் கேட்பதும் கொடுப்பதும் உலகெங்கும் இந்த இரண்டு எண்களில்தான் நடக்கிறது. இப்படியான எண்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தவர்தான் ஜொன் போஸ்டல். பெயரே தபால் என்பதுபோல ஒலிப்பது தற்செயல்.

1943 ஓகஸ்ட் 6இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்தபோது, 1969இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதற் செய்தி அங்கிருந்துதான் போனது. அந்த வலைப்பின்னலுக்கான விதிகளை ஆர்.எஃப்.சி. என்ற ஆவணங்களாக எழுதினார்கள். அவற்றைப் பதிப்பிக்கும் பொறுப்பு போஸ்டலிடம் வந்தது. சாகும்வரை ஏறக்குறைய முப்பது வருடம் அதைச் செய்தார்.

யார் எந்த எண்ணைப் பாவிக்கிறார்கள் என்ற குழப்பமும் அப்போதே தொடங்கிவிட்டது. 1972 மே மாதம், எண்களைக் கொடுக்க ஒருவர் தேவை, அது நானாக இருக்கலாமா என்று போஸ்டல் எழுதிக் கேட்டார். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1977 முதல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவகத்தில் இருந்தபடி, ஜொய்ஸ் ரெனோல்ட்ஸ் என்ற சக ஊழியருடன் அந்தப் பட்டியலைப் பராமரித்தார். நீண்ட தாடி, காலில் செருப்பு, விடுமுறை வந்தால் மலை ஏறுவார். உலகத்துக்கே எண் கொடுத்தவரின் தோற்றம் அதுதான்.

நாடுகளுக்கான இரண்டெழுத்து முகவரிகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. இலங்கைக்கு 1990இல் எல்.கே. கிடைத்தது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது தன் வேலையல்ல என்று 1994இல் எழுதிய விதியில் தெளிவாகச் சொன்னார். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் பட்டியலில் இருந்தால் கொடுப்பார், இல்லையென்றால் இல்லை. நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட பரம்பரையில் வந்த எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. பட்டியலுக்கு வெளியே நிற்பவனுக்கு இந்த நடுநிலையால் பயனில்லை. ஆனால் அதே ஆவணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முகவரிகளை நிர்வகிப்பவர்கள் உரிமையாளர்கள் அல்லர், பொறுப்பாளர்கள். உரிமை பேசுவதை விட்டுச் சேவையைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அந்தப் பொறுப்பு யாருக்கு என்ற சண்டையும் வந்தது. 1998 ஜனவரி 28இல், இணையத்தின் பெயர்ப் பட்டியலைத் தாங்கும் மூலச் சேர்வர்களில் எட்டின் பொறுப்பாளர்களுக்குப் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். அரச ஒப்பந்தம் பெற்ற கம்பனியின் சேர்வரை விட்டு, தன் சேர்வரிலிருந்து பட்டியலை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். அமெரிக்க அரசு கோபப்பட்டது. அது ஒரு பரிசோதனை என்று சொல்லி, சில நாட்களில் பழைய நிலைக்குத் திருப்பினார். கையில் அதிகாரப் பத்திரம் எதுவும் இல்லாத ஒருவர் சொன்னதைக் கேட்டார்கள் என்றால், அது அத்தனை வருட நம்பிக்கை. இந்த வேலையை ஏற்கவிருந்த ஐகான் நிறுவனம் அந்த வருடம் செப்டெம்பரில் உருவானது. ஒக்டோபர் 16இல், இருதய வால்வு சத்திரசிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் இறந்தார். வயது 55.

நண்பனின் சேர்வருக்குக் கிடைத்த விலாசம் 10இல் தொடங்குகிறது. அது பழைய அர்பாநெட்டின் எண். அர்பாநெட் மூடப்பட்ட பிறகு, உள்ளுக்குள் யாரும் பாவிக்கலாம் என்று ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு நேராக எதுவும் வராது, வாசலில் உள்ள ரவுட்டர் வாங்கித்தான் உள்ளே கொடுக்க வேண்டும். எங்கள் லயத்து இலக்கமும் அப்படித்தான். தோட்டத்துக்குள் எல்லோருக்கும் தெரியும், தோட்டத்துக்கு வெளியே அது விலாசமே இல்லை.

ஆனால் ரவுட்டர் தன்னிடம் வந்ததைத் தாமதிக்காமல் உரியவரிடம் சேர்க்கிறது. எங்கள் கடிதங்கள் இன்னும் காரியாலய மேசையில்தான் காத்திருக்கின்றன.