இராமானுஜனின் வட்டம்

ஒரு வட்டத்தின் பரப்பளவுக்குச் சமமான பரப்பளவுள்ள சதுரத்தைக் கவராயமும் அளவு குறிக்கப்படாத கோலும் மட்டும் கொண்டு வரைய முடியுமா? பழங்காலத்திலிருந்தே பலர் முயன்ற புதிர் இது. துல்லியமாக வரைய இயலாது என்பது 1882ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆனால், எவ்வளவு நெருங்க முடியும்? 1913ஆம் ஆண்டில் இதற்கு வியக்கத்தக்க விடை தந்தவர், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்த சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் சிறந்து விளங்கியதால் கல்லூரியில் படிக்க உதவித்தொகை பெற்றார். அங்கோ, கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. தேர்வில் தோற்றார், உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்ச்சி பெறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே கையில் இருந்தன.

1910ஆம் ஆண்டில், அவற்றுடன் திருக்கோவிலூருக்குச் சென்று துணை ஆட்சியர் வி. இராமசாமி ஐயரிடம் வேலை கேட்டார். ஐயர் வடிவியலில் ஆர்வம் மிக்கவர். 1907ஆம் ஆண்டில் கணித ஆர்வலர்களை ஒன்றுசேர்த்து அவர் தொடங்கிய மன்றமே இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. குறிப்பேடுகளைக் கண்டு வியந்த ஐயர், சிறு வேலையில் அத்திறமை முடங்கிவிடக் கூடாது என்று எண்ணினார். சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் இராமானுஜனை அனுப்பி வைத்தார்.

கழகத்தின் இதழில் ஒருவர் புதிர் கேட்பார். மற்றவர்கள் விடை அனுப்புவார்கள். 1911ஆம் ஆண்டில், வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் கணக்கு ஒன்றை இராமானுஜன் கேட்டார். ஆறு மாதம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. இறுதியில் அவரே விடையை வெளியிட்டார். அது வெறும் 3!

வட்டத்தைச் சதுரமாக்கும் அவருடைய முறையும் அதே இதழில்தான் வந்தது. 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்துக்கு, அதாவது சிங்கப்பூரைப்போல் ஏறத்தாழ 490 மடங்கு பெரிய வட்டத்துக்கு, அம்முறையில் சதுரம் வரைந்தால் பக்க அளவில் ஏற்படும் பிழை சுமார் ஓர் அங்குலம்தான்.

1914ஆம் ஆண்டில் இராமானுஜன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு நண்பர் மகலனோபிஸ் ஒரு மாத இதழில் கண்ட புதிரை அவரிடம் சொன்னார். அது புரிய, ஃபேரர் பார்க்கில் வரிசையாக நிற்கும் எட்டுக் கடைவீடுகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணிடுவதாகக் கற்பனை செய்யுங்கள். 6ஆம் வீட்டின் இருபக்க எண்களையும் தனித்தனியே கூட்டினால் 15 வரும். 50க்கு மேல் 500க்குள் வீடுகள் உள்ள தெருவில் அப்படிப்பட்ட வீடு எது? மகலனோபிஸ் முயன்று கண்ட விடை, 288 வீடுகளுள் 204ஆம் வீடு. சமைத்துக்கொண்டிருந்த இராமானுஜனோ, இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் ஒரே வழியை உடனே கூறினார்.

1918ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய அவர், 1920ஆம் ஆண்டில் 32ஆம் வயதில் மறைந்தார். தேர்வுகள் கைவிட்ட இளைஞரை, புதிர்களைப் பகிர்ந்துகொண்ட ஒரு சிறு மன்றம் உலகுக்கு அடையாளம் காட்டியது.