ஆடக்கூடாது என்றார்கள், ஆடினார்! (ருக்மிணி தேவி அருண்டேல்)



நடனம் மூணு வகைன்னு நான் நினைக்கிறேன். பொங்கலுக்கு கும்மி அடிக்கிறோமே, அது நம்ம சந்தோஷத்துக்கு. போட்டியில் ஆடுவது பரிசுக்கு. மேடையில் ஆடுவது பார்க்கிறவங்களுக்கு. வெளிநாட்டில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனத்திலும் இந்த மூன்றும் உண்டு. நம் நாட்டில் மேடையில் ஆடுவதற்காக எதிர்ப்பைத் தாங்கிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் அவருக்குப் பிறந்தநாள்! தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். பிறகு குடும்பம் சென்னை அடையாறுக்கு வந்தது. பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை 1920-இல் மணந்தார். அப்போது வயது 16. பலர் எதிர்த்தார்கள்.

கணவரோடு பல நாடுகளுக்குப் போனார். ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் பாலே நடனத்தைப் பார்த்து மயங்கி, தானும் பாலே கற்றார். சொந்த நாட்டு நடனத்தைத் தேடிப் பார்க்கும்படி பாவ்லோவாதான் எடுத்துச் சொன்னார்.

நம் நடனத்துக்கு அப்போது சதிர் என்று பெயர். தேவதாசிக் குடும்பப் பெண்கள்தான் ஆடுவாங்க. மற்ற வீட்டுப் பெண்கள் ஆடினால் கேவலம் என்று பேசுவாங்க. ருக்மிணி தேவி அதைக் காதில் வாங்கவில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935-இல் அடையாறில் எல்லோர் முன்னாலும் ஆடினார். அப்போது அவருக்கு 31 வயது! 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். அது இன்று திருவான்மியூரில் இருக்கிறது. நாம ஈ.சி.ஆர். வழியா சென்னைக்குப் போனா அந்த ஊர் வரும்.

ஆடுபவரின் பின்னாலேயே நின்று வந்த நட்டுவனாரையும் இசைக்காரர்களையும் மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார். இராமாயணத்தை நாட்டிய நாடகங்களாக அமைத்தார். 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராகி, விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் வர உழைத்தார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார்.

இதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கு. தேவதாசிப் பெண்கள் ஆடினப்போ கேவலம், இவர் ஆடினதும் கலையா? அந்தப் பரம்பரையில் வந்த பெரிய நடனமணி பாலசரஸ்வதி, நடனத்தில் காதல் பாவத்தைக் குறைத்ததை ஏற்கவில்லை. கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதை 1947-இல் சட்டம் தடுத்தது ரொம்ப நல்லது. ஆனா கலையைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பெண்களில் பலருக்கு மேடையும் போச்சு, பேரும் போச்சு. அதனால் ருக்மிணி தேவியின் பெயரைச் சொல்லும்போது கௌரி அம்மாளின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.

இன்று மாமல்லபுரம் நாட்டிய விழாவில் எத்தனையோ வீட்டுப் பெண்கள் ஆடுறாங்க. யாரும் கேவலம்னு சொல்றதில்லை. ஆனா நம்ம பக்கத்துல பெரிய பொண்ணாயிட்டா ஆண்டு விழாவில் ஆடக்கூடாதுன்னு இன்னும் சில வீட்டில் சொல்றாங்க. என் வீட்டிலும் அந்தப் பேச்சு உண்டு. 31 வயதில் ஒருவர் முதல்முறை மேடை ஏறலாம்னா, 14 வயதில் நாம ஏன் இறங்கணும்? இந்தக் கதையை இன்று வீட்டில் அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பாவிடமும் சொல்லுங்கள்.


ஒன்பதாம் வகுப்பு மாணவி