குன்றைக் காத்த லெப்டினன்ட் அட்னான்

சிலாங்கூர் மாநிலத்தில், காஜாங் நகருக்கு அருகே உள்ள சுங்கை ரமால் கம்பத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர் அட்னான் பின் சைடி. அவரே குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஆங்கிலக் கல்வி பெற்ற அட்னான் படிப்பில் காட்டிய ஆர்வத்தால் பயிற்சி ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் கம்பத்து இளைஞர் ஒருவருக்கு ஆசிரியர் வேலை கிடைப்பது அரிது. ஆயினும், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கற்பித்த பிறகு அவர் அந்த வேலையை விட்டுவிட்டார்.

1933ஆம் ஆண்டில் போர்ட்டிக்சனில் மலாய்ப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. மலாய் இளைஞர்கள் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துவருவார்களா என்று சோதித்துப் பார்க்கவே ஆங்கிலேயர்கள் முதலில் 25 பேரைச் சேர்த்தனர். அதே ஆண்டில், தம் 18ஆம் வயதில், அட்னானும் அப்படையில் இணைந்தார். மூன்றே ஆண்டுகளில் சார்ஜன்ட் ஆனார். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக இலண்டன் சென்று வந்தார். பின்னர், சிங்கப்பூரில் அதிகாரிப் பயிற்சி பெற்று லெப்டினன்ட் ஆனார். அண்ணனைப் போலவே தம்பியர் இருவரும் படையில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர், தாம் சென்ற கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்தபோது உயிரிழந்தார்.

1938இல் அட்னான் சோஃபியா என்னும் ஆசிரியையை மணந்தார். குடும்பம் சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங்கில் வாழ்ந்தது. போர் நெருங்கவே, மனைவியும் பிள்ளைகளும் சுங்கை ரமாலுக்குத் திரும்பினர். அட்னான் மட்டும் சிங்கப்பூரில் இருந்தார்.

1942 பிப்ரவரி 13ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் மேட்டில் ஜப்பானியப் படை கடுமையாகத் தாக்கியது. நள்ளிரவில் அட்னானின் அணி புக்கிட் சண்டு குன்றுக்கு நகர்ந்தது. அருகிலிருந்த அபின் ஆலையால் அக்குன்றுக்கு அப்பெயர் வந்தது. குன்றை ஒட்டிய கால்வாயில் எண்ணெய் எரிந்துகொண்டே ஓடியது. எனவே, வீரர்கள் பின்வாங்க வழியில்லை.

மறுநாள் பிற்பகல், பஞ்சாபிப் படையின் சீருடையில் சிலர் குன்றை நோக்கி வந்தனர். தோற்றத்தில் அவர்கள் நட்புப் படையினரே. ஆனால், அவர்கள் நான்கு நான்கு பேராக அணிவகுத்து வருவதை அட்னான் கவனித்தார். ஆங்கிலேயப் படையில் மூன்று மூன்று பேராகவே நடப்பார்கள். சீருடைக் குழுக்களில் இருக்கும் மாணவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். அவர்கள் மாறுவேடத்தில் வந்த ஜப்பானியர் என்பதை அறிந்த அட்னானின் வீரர்கள் சுட்டனர். வந்தவர்களில் பலர் மாண்டனர்.

இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஜப்பானியர் பெரும்படையுடன் வந்தனர். மலாய் வீரர்களிடம் தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கையெறி குண்டுகளாலும் துப்பாக்கிமுனைக் கத்திகளாலும் அவர்கள் போரிட்டனர். காயமடைந்த பின்னும் அட்னான் சரணடைய மறுத்தார். ஜப்பானியர் அவரைப் பிடித்துக் கொடூரமாகக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 27. மறுநாள், பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் வீழ்ந்தது.

அவருடைய பெயர் கிராஞ்சிப் போர் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. சண்டை நடந்த குன்றிலும் 2002ஆம் ஆண்டில் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. அவருடைய மூன்றாவது குழந்தை பச்சிளம் பருவத்திலேயே இறந்தது. கணவரை இழந்த சோஃபியா மகன்கள் இருவரையும் வளர்த்து வந்தார். 1949இல் அவரும் காலமானார். அப்போது மகன்கள் இன்னும் சிறுவர்களாகவே இருந்தனர்.