கைக்குத் தெரிந்த காற்று: எட்வின் லிங்க் வரலாறு



நம்ம அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் கிடா வாங்கி, கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறீர்களா? திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அது எந்தப் பக்கம் திமிறுகிறது, எங்கே நின்றுவிட்டது என்பதெல்லாம் கயிறு இழுக்கிற இழுப்பிலேயே கைக்குத் தெரிந்துவிடும்.

கணினியில் விமானம் ஓட்டுவதற்கும் அப்படி ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கிறது. போன லீவில் திண்டுக்கல்லில் பெரியப்பா மகன் வீட்டில் அதைப் பிடித்துப் பார்த்தேன். சாதாரண ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் மட்டும்தான். விமானம் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஒரே இழுப்புத்தான். இதன் அடியில் மோட்டார் இருக்கிறது. வேகம் கூடினால் குச்சி கனக்கிறது. வேகம் குறைந்தால் தொளதொளவென்று ஆகிறது. விமானம் விழப்போகும் நேரத்தில் நடுங்குகிறது. இதற்குப் பெயர் ஃபோர்ஸ் ஃபீட்பேக். 1990-களில் வீடுகளுக்கு வந்ததாம்.

நான் ஆசைப்பட்டு விசையை முழுசாக ஏற்றிவிட்டேன். கையை எடுத்ததும் குச்சி தானாகவே இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்துவிட்டது! அண்ணன் சிரித்துக்கொண்டே விசையைப் பாதியாகக் குறைத்து, ஆட்டத்தைத் தணிக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டினான். அப்புறம்தான் அடங்கியது. நான் விமானத்தை நாலு தடவை தரையில் மோதினேன். ஐந்தாவது தடவை குச்சி நடுங்கியதுமே மூக்கைத் தாழ்த்தித் தப்பித்துவிட்டேன். நாலு தடவை விழுந்தும் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை!

இப்படி விழுந்து பழக வழி செய்தவர் யார் என்று தேடியபோது கிடைத்த பெயர்தான் எட்வின் லிங்க்.

இவர் 1904-ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். இவருடைய அப்பா நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். 1920-ல் லிங்க் 50 டாலர் கட்டி முதல் விமானப் பாடத்துக்குப் போனார். ஓட்டியவர் வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே தவிர, இவரைக் குச்சியைத் தொடவே விடவில்லை. அந்தக் காலத்தில் 50 டாலர் பெரிய பணம். பணம் இல்லாதவன் எப்படிப் பழகுவான்? புதிதாகப் பழகுகிறவன் வானத்தில் தப்பு செய்தால் என்ன ஆவான்? இந்தக் கேள்விகள் அவரை விடவில்லை.

அப்பாவின் தொழிற்சாலையில் ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகள் இருந்தன. நம்ம கோயில் பஜனையில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் அமுக்குகிறார்களே, அதே தத்துவம்தான். சின்ன விமானம் போல ஒரு மரப்பெட்டி செய்து, அதைத் துருத்திகள் மேல் உட்கார வைத்தார். உள்ளே இருப்பவர் குச்சியை அசைத்தால் வால்வுகள் திறக்கும். ஒரு துருத்தி உப்பும், எதிர்த் துருத்தி சுருங்கும், பெட்டி சாயும். சுமார் 18 மாத உழைப்பில் 1929-ல் இது தயாரானது. பின்னால் வந்த பெட்டிகளில், காற்று எதிர்ப்பது போலக் குச்சியைக் கனக்கச் செய்யும் அமைப்பும் சேர்ந்தது. கணினி இல்லாத காலத்திலேயே ஃபோர்ஸ் ஃபீட்பேக்!

ஆனால் விமானப் பள்ளிகள் இதைச் சட்டை செய்யவில்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் விற்றது. காசு போட்டு ஆடும் ராட்டினம் மாதிரி ஆகிவிட்டது.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை ஒப்படைக்கப்பட்டது. பனியிலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. சில மாதங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அப்போதுதான் லிங்கை நியூவர்க் நகருக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குக் கடும் மூடுபனி. இனி வரமாட்டார் என்று அதிகாரிகள் கிளம்பும் நேரத்தில், கருவிகளை மட்டும் பார்த்தே ஓட்டிவந்து இறங்கினார் லிங்க். ஆறு பெட்டிகள், ஒன்று 3,500 டாலர் வீதம் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் 5 லட்சம் விமானிகளுக்கு மேல் இந்தப் பெட்டியில் பழகினார்கள். எத்தனை தாய்மார்கள் பிள்ளையைத் திரும்பப் பார்த்திருப்பார்கள்!

இத்தனை பேரைக் காப்பாற்றியவருக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. பிற்காலத்தில் அவர் கடலடி ஆராய்ச்சியில் இறங்கி நீர்மூழ்கிகள் வடிவமைத்தார். 1973 ஜூன் மாதம் ஃபுளோரிடா பக்கத்துக் கடலில், அவர் வடிவமைத்த நீர்மூழ்கி ஒன்று மூழ்கிய கப்பலின் இடிபாட்டில் சிக்கிக்கொண்டது. ஒரு நாளுக்கு மேல் ஆகித்தான் மேலே இழுக்க முடிந்தது. உள்ளே இருந்த நாலு பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அதில் ஒருவர் லிங்கின் சொந்த மகன்.

அப்போது அவருக்கு 68 வயது. வேறு யாராக இருந்தாலும் கடல் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள். அவரோ, கடலடியில் சிக்கிய நீர்மூழ்கியைக் கண்டுபிடித்து விடுவிக்க உதவும் கருவியைச் செய்யும் வேலையில் இறங்கினார். அதைச் செய்தும் காட்டினார். தன் பிள்ளைக்குக் கிடைக்காதது அடுத்தவர் பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார் என எனக்குத் தோன்றுகிறது. 1981 செப்டம்பரில் பிங்ஹாம்டனிலேயே காலமானார்.

நண்பர்களே, கணக்கில் தப்பு வந்தால் நாம் உடனே அடித்து மறைக்கிறோம். நானும் அப்படித்தான். இனிமேல் எங்கே தப்பு என்று பார்த்துவிட்டு, அடுத்த வரியில் மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை விழுந்தாலும் அடிபடாது. நீங்களும் வாருங்கள், சேர்ந்தே பழகுவோம்!

– பத்தாம் வகுப்பு மாணவன்